பட்டியலில் இல்லாத மூன்றாம் அறை

எழுதிக் கொடுப்பதை இணையப் பக்கமாக மாற்றுவது என் தொழில். கருப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளை, அவ்வளவுதான், மானம் போவதற்கும் அந்த ஒரு வரியே போதும். இதே பிழைப்பில் மாட்டியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விட்டுப்போன எண்

செங்கம் சாலையில் பஷீர் பாய் ஒரு சின்ன விடுதி வைத்திருக்கிறார். அறைகளின் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 1, 2, 4, 5 என்று வரிக்கு ஒரு அறை. எனக்கு அது வசதி. வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இருந்தால் என் மென்பொருளே அதைப் பட்டியலாக்கிவிடும். மூன்றை மறந்துவிட்டாரோ என்று போன் போட்டேன். சொன்னார்: "அது வாடகைக்கு இல்ல தம்பி. குடுத்தத மட்டும் போடுங்க."

ஒழுங்கான வரிசை

கொடுத்ததை மட்டும்தான் போட்டேன். ஆனால் இந்த மென்பொருளுக்கு ஒரு பழக்கம்: பட்டியலின் முதல் எண்ணை மட்டும் பார்க்கும், மிச்சத்தை அதுவே 2, 3, 4 என்று எண்ணிக்கொள்ளும். எனக்குத் தெரியாத விஷயமல்ல. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு முன் வேலை ஜாஸ்தி, பக்கத்தைத் திறந்து பார்க்காமலே ஏற்றிவிட்டேன்; பாயின் நான்காம் அறை அதில் மூன்றாம் அறையாகிவிட்டது.

பௌர்ணமியன்று காலை பாயின் மகள் நஸ்ரீன் கூப்பிட்டாள். ஓடினேன். பெங்களூரிலிருந்து வந்த வயதான தம்பதி, போனில் என் பக்கத்தைக் காட்டி மூன்றாம் அறையைக் கேட்டு நின்றார்கள். மற்ற அறைகள் நிறைந்துவிட்டன, ஊரில் வேறெங்கும் இடமில்லை. அந்த அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. நஸ்ரீன் என்னைத் தனியே அழைத்து, தன் அம்மா இறந்தது அந்த அறையில்தான், ஆறு மாதமாக அத்தா அதைப் பூட்டியே வைத்திருக்கிறார் என்றாள். பாய் பெங்களூர் அம்மாவின் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை எடுத்தார். "ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க தம்பி. அவ படுத்திருந்த பெட்ஷீட்டு இன்னும் மாத்தல."

திருத்தம்

மறுநாள் திருத்தினேன். புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டால் போதும், எண் எழுதியபடியே நிற்கும். மன்னிப்புக் கேட்கப் போனபோது தம்பதி கிளம்பிவிட்டிருந்தார்கள். பாயும் நஸ்ரீனும் அறையைக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே கொடியில் பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றை எடுத்துவிட்டேன் பாய் என்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. "மறுபடியும் போட்டுடுங்க தம்பி. உள்ள பினாயில் வாசனதான் வருது, இனிமே பூட்டி வெச்சி என்னா பண்ணப்போறேன்?"

மென்பொருள் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது; ஒரு தடவை திறந்து பார்ப்பது ஒன்றுதான் என் வேலையாக இருந்தது.