பஸ்ஸில் என் படத்தை விளக்கியவர்

ஓவியக் கல்லூரியின் இறுதி மதிப்பீட்டுக்கு என் படத்தைத் தூக்கிக்கொண்டு சிவாஜிநகரில் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கை அம்மாளுக்குப் பெரிய மூக்குத்தி, அதைவிடப் பெரிய குரல். நான் தமிழில் டிக்கெட் கேட்டதைக்கூடக் கன்னடத்தில் பஸ் முழுக்க அறிவித்தார்.

படத்தை எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, ஒரே மஞ்சளா இருக்கு?" என்றார்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "இருப்புக்கும் வெளிக்கும் உள்ள முரண், ஆன்ட்டி."

அவர் திரும்பி, "அவளிகே கொத்தில்லவந்தே!" என்று கூவினார். சேலத்திலிருந்து வந்த எனக்கே அந்தக் கன்னடம் புரிந்தது. அவளுக்கே தெரியாதாம்! பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி, நெஜத்தச் சொல்லு."

"மொத தடவ விழாம சைக்கிள் ஓட்டினேன் ஆன்ட்டி. அன்னிக்குத் தெருவே இப்படித்தான் தெரிஞ்சுது."

அதை அவர் கைகளை வீசி வீசி அறிவித்தார். பின்னால் கைதட்டினார்கள். கண்டக்டரே படம் பார்க்க வந்துவிட்டார்.

மதிப்பீட்டில் அந்த இரண்டு வரியைத்தான் சொன்னேன். மதிப்பீட்டாளர்கள் முகம் மலர்ந்தது. ஆனால் பஸ்ஸில் அதே இரண்டு வரியை அந்த அம்மாள் தொம்மலூரில் இறங்கும்வரை கன்னடத்தில் நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். என் படத்தில் இன்னும் என்னவெல்லாம் பார்த்தாரோ!