கொள்ளிட மணலில் அம்மாவின் செருப்பு

படபடப்புக்கு டாக்டர் நடக்கச் சொன்னதால் கொள்ளிடக் கரையில் நடக்கிறேன். மணலை அள்ளிப்போனபின் மிஞ்சிய பள்ளத்திலிருந்து ஈர நாணல் வாசம் வந்ததும் நின்றுவிடுகிறேன். தம்பி இறந்த வருஷக் கோடையில், அம்மா தினமும் வெயில் ஏறுமுன் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, நாணலைத் தாண்டி, அப்போது கண்ணெட்டும் தூரம் கிடந்த மணலில் தண்ணீரைப் பார்த்து நடப்பாள். செருப்பு என்னிடம் இருந்தால் திரும்பி வந்துதானே ஆகவேண்டும் என்று, எட்டு வயதில் நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் தடத்திலேயே கால் வைத்துப் பின்னால் போவேன். தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும். ஒருநாள், மீன்குஞ்சுகள் காலைக் கொத்த வெகுநேரம் நின்றிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்:

"செருப்பை ஆத்தோட விட்டுடாதடி. திரும்பிப் போறப்ப மணல் சுடும்."