ஒத்தக் குச்சி

எங்கள் தீப்பெட்டி ஆபீஸின் மீட்டிங் மேசை என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, குவாலிட்டி மேடத்தின் வலது கை ஓரம் எப்போதும் கிடந்த ஒரு பெட்டிதான். லேபிள் ஒட்டாத சாம்பிள் பெட்டி. கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கா பஞ்சம் என்பீர்கள். ஆனாலும் அந்த ஒன்றின் மேல் எனக்கு இருந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மேசையில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கெமிஸ்ட்ரி முடித்த கையோடு லேப்பில் சேர்ந்தவள். கல்லூரியில் மைக்கைப் பிடித்தால் விடாதவள். இங்கே ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்க முடியவில்லை. வாயைத் திறந்ததும் சேல்ஸ் அண்ணாச்சி, "அதாவது, பாப்பா என்ன சொல்ல வருதுன்னா..." என்று ஆரம்பித்துவிடுவார். நான் சொல்ல வந்தது அதுவாகவே இருக்காது. மேடத்தின் பேச்சையும் இப்படித்தான் வெட்டுவார்கள். அவர் குரலை உயர்த்த மாட்டார். பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து உரசுவார், அவ்வளவுதான். மருந்து உதிர்கிறதா, தீ கடைசிவரை நிற்கிறதா என்று பார்த்தே பழகிய ஆட்கள். எரிகிற குச்சியை விட்டு அவர்கள் கண் நகராது, வாயும் தானாக நின்றுவிடும். குச்சி கருகுவதற்குள் மேடம் விட்ட இடத்திலிருந்து பேசி முடித்திருப்பார். என்ன கெத்து! எனக்கு வயிறு எரியும்.

ஒரு ஐப்பசி மழையில், வடக்கே போக வேண்டிய லோடு லாரியில் ஏறி நின்றது. குச்சி சரியாகக் காயவில்லை, நிறுத்திவைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி குறுக்கே புகுந்தார். சட்டென்று மேடத்தின் பெட்டியை இழுத்து ஸ்டைலாக உரசினேன். ஜம்மென்று எரிந்தது.

"ஏ, நல்லாத்தான எரியுது! பெறவு என்னத்துக்கு லோட நிறுத்தச் சொல்லுத?" என்றார் அண்ணாச்சி. மேசையே சிரித்தது. மேடத்தின் பெட்டி சித்திரை வெயிலில் காய்ந்த பழைய சரக்கு என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"சிரிச்சு முடிச்சிட்டியளா?" என்றார் மேடம். "லோடுல இருக்கது ஈரக் குச்சி. அந்தப் புள்ள சொல்லுதது சரி. நிறுத்துங்க."

நின்றது. மறுநாள் ஆபீஸ் முழுக்க, "மேடம் நிறுத்திட்டாவ" என்றே பேச்சு. குறுக்கே பேசிய அண்ணாச்சி மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. நான் சொல்ல வந்ததை மேடம் சொன்னதும் லாரி நின்றதே, அதுதான் தாங்கவில்லை.

மேடம் இப்போது வேறு கம்பெனி. போகும்போது பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் நாற்காலியில் நான். போன வாரம் மறுபடி மழை, மறுபடி லோடு, மறுபடி "பாப்பா என்ன சொல்ல வருதுன்னா". இந்தத் தடவை லோடிலிருந்தே ஒரு பெட்டி உருவி வந்திருந்தேன். உரசினேன். பற்றவில்லை. அடுத்த குச்சியின் மருந்து பெட்டியிலேயே அப்பிக்கொண்டது. மூன்றாவதும் புஸ். எல்லார் கண்ணும் என் கைக் குச்சியிலேயே.

"நான் இன்னும் முடிக்கல, அண்ணாச்சி" என்றேன். முடித்தேன். பண்டல்கள் லாரியை விட்டு இறங்கின.

வெளியே வரும்போது அண்ணாச்சி நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார்: "பரவால்லையே பாப்பா! ஆனா ஒண்ணு, மேடமா இருந்தா ஒத்தக் குச்சியில முடிச்சிருப்பாவ."

பற்றாத அந்த மூன்று குச்சிகளும் இப்போது என் வலது கை ஓரம் கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் மேடம் ஞாபகம்தான் வருகிறது. எரிச்சலாக இருக்கிறது.