கதவு திறக்கக்கூடாது என்று ஜெபித்த நாள்

என் மகள் அபிஷா அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டது ஒரு இலையுதிர் காலத்தில். வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தாள், சப்பாத்தைக் கழற்றினாள், உள்ளே போனாள். அடுத்த நாள் எழும்பவில்லை. வயிற்றுவலி என்றாள். அதற்கடுத்த நாளும் அதே வயிற்றுவலி. கிறிஸ்மஸ் வருவதற்கிடையில் அவளுக்குப் பதினேழு வயது முடிந்தது. கேக் துண்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தபோது அது அப்படியே காய்ந்து கிடந்தது.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், ஸ்கீவ என்கிற ஊரில். இங்கே தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். நான் விடியவே மீன் தொழிற்சாலைக்குப் போகிறவள். அவளுடைய அப்பா பஸ் ஓட்டுகிறவர், அவருக்கும் நேரகாலம் இல்லை. பகல் முழுக்க அந்தப் பிள்ளை பூட்டிய அறையில் தனியே. நான் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, கதவில் தட்டி, "சாப்பிட்டியா அம்மா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. எப்போதும் டெனிஷில்தான் பதில் சொல்லுகிறவள், அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"நான் இல்லாட்டி உங்களுக்கு லேசு அம்மா."

அந்தச் சொல்லுக்குப் பிறகு தொழிற்சாலையில் என் கைதான் வேலை செய்தது. மனம் வீட்டில் கிடந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுக் கதவைத் திறக்கும்போது என்ன காணப்போகிறேனோ என்று பயம். அந்தப் பயத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது, சொல்லவும் நான் ஆளில்லை. சபையில் கேட்டால், "அபிஷா படிப்பில பிஸி" என்பேன். எல்லாரும் படிக்கிற பிள்ளை என்று மெச்சுவார்கள். அந்த மெச்சல் ஒவ்வொன்றும் எனக்குள் கல்லாக இறங்கும்.

அந்தக் கதவுக்கு முன்னால் முழங்காலில் நின்று தினமும் ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, இந்தக் கதவைத் திறவும். வேறு சொல் வராது. சில நாட்களில் அதுவும் வராது. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

அப்போதுதான் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிற வேலையைப் பற்றி யோசித்தேன். இங்கே இரண்டு மூன்று கைக்குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்க்க, நகரசபை பெண்களுக்கு அனுமதி கொடுக்கிறது. நாங்கள் கொம்யூன் என்று சொல்லுகிறது அந்த நகரசபையைத்தான். வேலையும் இருக்கும், நானும் வீட்டில் இருப்பேன், அவளுடைய மூச்சு கேட்கிற தூரத்தில் இருப்பேன். இது ஆண்டவர் காட்டிய வழி என்று நம்பிவிட்டேன். விண்ணப்பித்தேன். முதலுதவி வகுப்புக்குப் போனேன். இந்தக் குளிரிலும் குழந்தைகளை வெளியே தள்ளுவண்டியில்தான் நித்திரையாக்குவார்கள். எங்கட ஆட்கள் கேட்டால் நெஞ்சில் கை வைப்பார்கள். அதற்கென்று இவர் பின்வளவில் ஒரு கொட்டில் அடித்தார். "பிள்ளையே இல்லை, வண்டிக்கு வீடு கட்டிட்டன் பார்" என்று சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு அது. உடனே இருவரும் அந்த அறைப் பக்கம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டோம்.

கொம்யூனிலிருந்து கிர்ஸ்டன் என்ற அம்மா வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வீட்டை மட்டுமல்ல, வீட்டில் இருக்கிற எல்லாரையும் பார்ப்பார்களாம், கதைப்பார்களாம். பிரெடெரிசியாவில் இருக்கிற மணியக்காவுக்குப் போன் எடுத்தேன். சபை தொடங்கிய காலத்திலிருந்து எனக்குத் துணை. அவவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

"மகளைக் கொண்டந்து என்னட்ட விடு" என்றா. "ரெண்டு நாள் நிக்கட்டும். கொம்யூன் ஆக்கள் வந்து பாத்திட்டுப் போகட்டும்."

"அறையை விட்டே வாறாள் இல்லை அக்கா. கார் வரைக்கும் எப்பிடிக் கொண்டாறது?"

"அப்ப பேசாமல் கதவைச் சாத்தி வை. கேட்டா பள்ளிக்கூடம் எண்டு சொல்லு. அவள் என்ன, உள்ளுக்க இருந்து பாட்டுப் படிக்கிற பிள்ளையே?"

அன்புள்ள மனிசி. என் வீட்டு மானம் போகக்கூடாது என்றுதான் சொன்னா. நானும் தலையாட்டினேன்.

கிர்ஸ்டன் வருகிற அன்று காலையில் அறைக்கு முன்னால் நின்றேன். இத்தனை மாதமாக எந்தக் கதவைத் திறவும் என்று கெஞ்சினேனோ, அதே கதவுக்கு முன்னால் நின்று, "ஆண்டவரே, இன்றைக்கு மட்டும் இது திறக்க வேண்டாம்" என்று ஜெபித்தேன். ஆமென் என்றும் சொன்னேன்.

கிர்ஸ்டன் வயதான பெண், மெதுவான பேச்சு. குசினி, மருந்து அலுமாரி, தோட்ட வேலி எல்லாம் பார்த்தா. கொட்டிலைப் பார்த்து இவரைப் பாராட்டினா. அறைகளுக்கு முன்னால் உள்ள நடைக்கு வந்தோம்.

"இது யாருடைய அறை?"

"மகளுடையது. அவ பள்ளிக்கூடம் போயிட்டா."

சொல்லி வாய் மூடவில்லை, பூட்டு திரும்புகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அபிஷா நின்றாள். போர்வையைத் தோளில் சுற்றியிருந்தாள். தலைமுடி சடைபிடித்துப்போய், கன்னம் ஒட்டிப்போய். என் பிள்ளையை வெளிச்சத்தில் கண்டு எவ்வளவு காலம் என்று அப்போதுதான் விளங்கியது.

டெனிஷில் சொன்னாள்: "நான் பள்ளிக்கூடம் போகேல்லை. கன மாதமாப் போகேல்லை. எனக்குச் சுகமில்லை. அம்மாவுக்கு அது வெக்கம்."

நிலம் பிளந்து என்னை விழுங்கட்டும் என்று இருந்தது. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிர்ஸ்டன் அந்த அறை வாசலுக்கு எதிரே, தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தா. அபிஷாவும் வாசலில் குந்தினாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் மரம் மாதிரி நின்றோம்.

"அம்மாவோட வீட்டில இருக்கிறது எப்பிடி?" என்று கிர்ஸ்டன் கேட்டா.

அபிஷா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"சாப்பாடு கொண்டந்து வைப்பா. சாப்பிடாட்டி ஏசமாட்டா, எடுத்துக்கொண்டு போய் வேற வைப்பா. பிறகு கதவடியில இருந்து ஜெபிப்பா. எனக்குக் கேக்காது எண்டு நினைக்கிறா. எனக்கு அது பிடிக்காது. ஆனா ஜெபிக்காத நாளில எனக்குப் பயமா இருக்கும்."

நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

போகும்போது கிர்ஸ்டன் வாசலில் நின்று என் கையைப் பிடித்தா. "இப்ப நான் ஓம் எண்டு சொல்ல ஏலாது. சின்னப் பிள்ளையளுக்கு உங்கட முழுக் கண்ணும் வேணும். உங்கட கண் அந்த அறையில இருக்கு. அது அங்கதான் இருக்கவும் வேணும்." பிறகு எங்கே போனால் உதவி கிடைக்கும், குடும்ப டொக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தந்தா. மகள் சொன்ன அந்தச் சொல்லையும் அவவிடம் சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "அதை இண்டைக்கே டொக்டருக்குச் சொல்லுங்கோ" என்றா.

வேலை போயிற்று. மானமும் போயிற்று. இதுதானா பதில் என்று ஆண்டவரிடம் கோபப்பட்டேன். காலையில் ஒன்று கேட்டேன், அதைக்கூடத் தரவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் டொக்டரைக் கூப்பிட்டேன். அன்று பின்னேரம் குசினியில் நின்றபோது பின்னால் காலடிச் சத்தம். அபிஷா மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ திரும்பி வருவாவா?" என்று கேட்டாள்.

பல மாதத்துக்குப் பிறகு என் பிள்ளை கேட்ட முதல் கேள்வி அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கடைசியாகக் கேட்டதை அவர் தள்ளிவிட்டார். முதலில் கேட்டதைத் தந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுதினால் பொய். ஆஸ்பத்திரியில் இளம் பிள்ளைகளுக்கான பிரிவில் இடம் கிடைக்கக் காத்திருந்தோம். மருந்து ஒத்துவராமல் மாற்றினார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. சபையில் எழும்பி நின்று உண்மையைச் சொன்னேன். சிலர் கட்டிப்பிடித்தார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு விடவில்லை. மணியக்கா மட்டும் பஸ் ஏறி வந்து, "நான் உனக்குப் பிழையான புத்தி சொல்லிப்போட்டன் பிள்ளை" என்று சொல்லி, ஒரு கிழமை நின்று சமைத்துத் தந்தா. அபிஷா அவவின் சோற்றில் உறைப்புக் காணாது என்று குறை சொன்னாள். அந்தக் குறையைக் கேட்டு நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

அடுத்த வருடம் கிர்ஸ்டன் திரும்பி வந்தா. அபிஷாவுடன் தனியே கனநேரம் கதைத்தா. அவளுடைய டொக்டரையும் கேட்டுத்தான் அனுமதி தந்தார்கள். இப்போது என்னிடம் மூன்று குழந்தைகள் வருகிறார்கள். அதில் ஒன்று பெரிய அழுகைக்காரி. தாய் விட்டுவிட்டுப் போனதும் வீடு அதிர அழுவாள். நான் பேசாமல் பக்கத்தில் இருப்பேன். அழுகிற பிள்ளையை அவசரப்படுத்தக் கூடாது என்று எனக்கு இப்போது தெரியும். அதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். ஜெபியுங்கள், விட்டுவிடாதேயுங்கள். ஜெபித்துவிட்டு எழும்பி ஒரு மனிதரிடம் சொல்லுங்கள், டொக்டரிடம் சொல்லுங்கள். நாங்கள் மூடி மூடி வைக்கிறதை ஆண்டவர் திறக்கும்போது வெட்கமாகத்தான் இருக்கும். வெட்கத்தோடேயே நம்புங்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எழுத முன்னம் மகளிடம் கேட்டேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எழுதுங்கோ அம்மா. ஆனா சுகமாயிட்டன் எண்டு எழுதாதேங்கோ."

அதனால் அதை நான் எழுதவில்லை. என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று எழுதுகிறேன். ஆண்டவருக்கு நன்றி.