செவ்வாய்க்கிழமை வர வேண்டிய சாட்சி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். ஊசிமுனை அளவு கறை தெரிந்தாலும் விரிப்பைத் திரும்பத் துவைக்க அனுப்பிவிடுவாள். கறையின் மேல் சூடு பட்டால் அப்புறம் ஏழு கடலில் முக்கினாலும் போகாது என்பது அவள் கட்சி. தொழிலில் அது சரிதான். அதையே கோர்ட்டுக்கும் கொண்டுபோனாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஒரு துணிக் கிடங்கில் திருட வந்த எவனோ காவலாளியின் மண்டையை உடைத்துவிட்டு ஓடினான். முந்தின வாரம் அங்கே சரக்கு லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டுப் போன தம்பியின் முகம்தான் காவலாளிக்கு நினைவில் நின்றது. "இவன்தான்" என்று கைகாட்டிவிட்டார். மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள், அடி தாங்காமல், நீட்டிய தாளில் 'நான்தான் செய்தேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டான்.

உண்மையில் அந்த நேரத்தில் அவன் ஊரின் மறுகோடியில், மின்சாரம் போய் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்ற லிஃப்டுக்குள் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தான். கம்பெனிக்குத் தெரியாமல், தெரிந்தவருக்காகச் செய்துகொடுத்த வேலை. அதனால் சீட்டு இல்லை, பதிவு இல்லை; வேலை கொடுத்தவரும் கோர்ட், கேஸ் என்றதும் நழுவிவிட்டார். கூட இருந்தவர், அதே கட்டடத்தில் குடியிருக்கும் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் மட்டும்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது நீதிபதி, பெரியவரை அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டிவரச் சொன்னார். ஆனால் தம்பி கையெழுத்துப் போட்ட தாளைச் செல்லாது என்று ஒதுக்க மறுத்துவிட்டார்.

"பெரியவர் சாட்சி முடியட்டும்மா. தாள் விஷயத்தைத் தீர்ப்புக்கு அப்புறம் மேல்கோர்ட்டுல பாத்துக்கலாம்," என்றார் தம்பிக்காக வாதாடிய வக்கீலம்மா.

"அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு அவரைக் கேட்டா யாரு நம்புவா? முதல்ல அதைத் தூக்கச் சொல்லுங்க."

"இப்பவே மேல போனா, இங்க கேஸை நிறுத்தி வச்சிடுவாங்க. எத்தனை மாசம் ஆகும்னு சொல்ல முடியாது. அவருக்கும் வயசாச்சு."

"அவரு குத்துக்கல்லாட்டம் இருக்காரு. நீங்க போங்கம்மா."

அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். தம்பியிடம் கேட்டதற்கு, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "உனக்குத் தெரியாததா அக்கா? நீ சொன்னா சரி," என்றான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம், பாவி மகன்.

மேல்கோர்ட்டில் பதினான்கு மாதம் இழுத்தது. ஞாயிறுதோறும் பழம் வாங்கிக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போவாள். முதலில் எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னார்: "எனக்கு மூச்சு முட்டுச்சும்மா. உன் தம்பி என் கையை விடவே இல்ல." நான்காம் மாதம் மாடி எண் மாறியது. எட்டாம் மாதம் தம்பி குழாய் ரிப்பேர்காரன் ஆகிவிட்டான். பதினோராம் மாதம், "நீ யாரும்மா?" என்றார். அவள் பதறிப்போய் நடந்ததை எடுத்துக்கொடுக்கப் பார்த்தாள். "சொல்லிக்கொடுத்த சாட்சின்னு ஆயிடும்," என்று வக்கீலம்மா அதட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டு, பழத்தை மட்டும் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கடைசியில் ஜெயித்தார்கள். அடித்து வாங்கிய தாள் செல்லாது என்று மேல்கோர்ட் சொல்லிவிட்டது. சலவைக்கூடத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். அவள் அடுத்த விரிப்பை எடுத்து விரித்தாள்.

பெரியவரைக் கூண்டில் ஏற்றினார்கள். லிஃப்டில் நடந்ததைச் சொல்லச் சொன்னார் வக்கீலம்மா.

"லிஃப்டா? நான் எப்பவும் படியிலதான் போவேன். உடம்புக்கு நல்லது."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. குரலைத் தணித்து, மூன்று விதமாகக் கேட்டுப்பார்த்தார். பதினான்கு மாதமாக அந்த நீதிபதியைத்தான் அவள் நாளும் சபித்திருந்தாள். அன்றைக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. மூன்று தடவையும் பெரியவர் படியிலேயே போனார்.

காவலாளியின் பேச்சு ஒன்றை வைத்தே ஏழு வருடம் போட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது தன் கைதான் என்று அவளுக்குத் தெரியும். அதை யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையும் பழக்க தோஷத்தில் போய் நின்றாள். பழத்தை உரித்து நீட்டியதும் பெரியவர் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். "அந்த லிஃப்ட் தம்பி எங்கம்மா? அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. என் கையை அவன் விடவே இல்ல. நல்லா இருக்கானா?"

அப்படியே ஓடிப்போய் வக்கீலம்மாவின் கதவைத் தட்டினாள். அவர் உடனே கிளம்பி வந்து, பெரியவரைத் தானே கேட்டார். பெரியவர், படி ஏறுவது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று விளக்கினார்.

அடுத்த முறை பார்க்கப் போனபோது தம்பி இளைத்திருந்தான். சாப்பாடு, தூக்கம் எல்லாம் பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, பெரியவருக்கு என் ஞாபகம் ஒரு தடவைகூட வரலையா?"

"வரலைடா," என்றாள் அவள்.