கட்டிலை விட்டு எழுந்தவர்

கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்பில் பாம்பு கடித்த தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலும் காலியில்லை. ஓரத்துக் கட்டிலில், இனித் தேறமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட கோட்டைப்பட்டினத்து மீனவர் ஒருவர் இருந்தார். நரைத்த பெரிய மீசை. பேசும்போதெல்லாம் ஆக்சிஜன் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார்.

“டாக்டரம்மா, நான் வீட்டுக்குப் போறேன். இந்தப் புள்ளையப் படுக்க வைங்க” என்றார்.

“உங்கள எழுப்ப எங்களுக்கு உரிமை இல்லைங்கய்யா.”

“நீங்க எழுப்பலைங்க. இங்க கெடந்தா எனக்கு நாலு நாள் கூடும். அவனுக்கு ஒரு ஆயுசே கூடும். இதுல யோசிக்க என்ன இருக்கு?”

தம்பி பிழைத்தான். அவனோடு நன்றி சொல்லப் போனபோது, அவர் வீட்டு வாசலில் கடலைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“எங்களுக்காகத்தானே கெளம்பி வந்தீங்க?”

“அட, வீட்டு நெனப்புதான்யா! நீங்க நல்ல சாக்காக் கெடச்சீங்க” என்று இருமல் வரும்வரை சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் சொன்ன இரண்டில் எது உண்மை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.