ஏறிக்கொண்டே போன ஆயில்

மானாம்பதிக்கு டிராக்டர் வந்தது அறுபத்தொன்றில். சென்னையில் ஏலத்தில் எடுத்த பழைய சீமை வண்டி. வாங்கியவர் பஞ்சாட்சரம் முதலியார், ஓட்டியவன் ஐசக். பட்டாளத்தில் நான்கு வருஷம் லாரிக்கு அடியில் படுத்துப் பழகியவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருத்தன்தான். சேரிக்காரன் மேலே உட்கார, நிலத்துக்காரர் கீழே நிற்கிற இடம் அந்த ஊரில் அந்த இரும்பு சீட் மட்டும்தான். ஊர் அதைக் கவனித்தது, ஐசக்கும் கவனித்தான். அதனாலேயே ஒருநாளும் அவனால் அதில் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

வண்டிக்கு இரண்டு டேங்க். சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெட்ரோலில் கிளப்பி, என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை கால் மணி நேரம் விட்டு, பிறகுதான் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். சூடேறாவிட்டால் மண்ணெண்ணெய் சரியாக எரியாது. வழிந்து இறங்கி என்ஜின் ஆயிலோடு கலந்துவிடும்.

முதலியாரோ பெட்ரோல் டின்னைப் பூட்டி வைத்திருந்தார். காலையில் ஒரு ஆழாக்கு அளந்து ஊற்றுவார். என்ஜின் இரண்டு தடவை இருமியதுமே கத்துவார்.

“அதான் கிளம்பிடிச்சே, திருப்புடா!”

“இன்னும் சூடு ஏறலீங்க ஐயா.”

“கிருஷ்ணாயில்ல மருந்து ஊத்திக்கீறேன் இல்ல? அது சூடு பண்ணிக்கும்.”

மருந்து என்பது காஞ்சிபுரத்துக் கடைக்காரன் ஒருவன் அவர் தலையில் கட்டிய சிவப்பு பாட்டில். இரண்டு மூடி ஊற்றினால் மண்ணெண்ணெய் பெட்ரோல் மாதிரியே எரியும் என்றிருந்தான். வெள்ளைப் புகைதான் வந்தது.

தினமும் உழவு முடிந்ததும் என்ஜின் ஆயிலின் அளவு பார்ப்பார்கள். ஐசக் அளவுக்கோடு போட்ட ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, மட்கார்டின் மேல் வைத்துவிட்டு மூன்றடி தள்ளி நிற்பான். முதலியார் குனிந்து கோட்டை மட்டும் பார்ப்பார். ஐசக் கை பட்ட கம்பியை அவர் தொடுவதில்லை. பத்தே நாளில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியது.

“பாத்தியாடா! ஊர்ல கீற வண்டியெல்லாம் ஆயில் குடிக்குது, நம்ம வண்டி ஆயில் கறக்குது!” என்று சிரித்தார். எல்லாம் மருந்தின் மகிமை என்று இன்னும் இரண்டு பாட்டிலுக்கு ஆள் அனுப்பினார்.

ஐசக்கின் விரலுக்குத் தெரியும். கம்பியில் இருந்த ஆயிலில் பிசுபிசுப்பே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது.

“இன்னா நீ, வண்டி ஓட்டிக்கினு கீறியா, விளக்கு தொடைச்சிக்கினு கீறியா? கையெல்லாம் கிருஷ்ணாயில் நாத்தம்,” என்றாள் அவன் பெண்டாட்டி மார்த்தாள், சோறு போடும்போது.

“ஆயில்ல கலந்துபோச்சு. இப்பிடியே போனா பேரிங் தேய்ஞ்சி என்ஜின் சிக்கிக்கும்.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா சீட்ட வுட்டு எறக்கிடுவாரு.”

“சிக்கிக்கினா மட்டும் மாலை போடுவாராமா?”

தான் என்ஜினுக்காகப் பயப்படுகிறோமா, சீட்டுக்காகவா என்பது ஐசக்குக்கே பிடிபடவில்லை.

மறுநாள் கழனி நடுவில் என்ஜின் டொக் டொக்கென்று தட்டத் தொடங்கியது. ஆயிலின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் படுத்துவிட்டது. ஐசக் உடனே நிறுத்தினான். முதலியார் வரப்பில் ஓடிவந்தார்.

“ஏண்டா நிறுத்தினே? மடைத்தண்ணி வீணாப் போய்க்கினு கீது!”

“இனிமே ஓட்டினா ஒடைஞ்சிடும் ஐயா.”

“ஓட்டத் தெரியலன்னு சொல்லு. வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

பயந்துகொண்டிருந்த வார்த்தை வந்தேவிட்டது. ஐசக் தானாகவே இறங்கி வரப்பில் ஏறி நின்றான்.

“பாத்துக்கோங்க. அதுக்கு முன்னால அந்தக் கம்பிய நீங்களே உருவித் தொட்டுப் பாருங்க. நான் கிட்ட வரல.”

பக்கத்துக் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். முதலியார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கம்பியை உருவினார். கட்டைவிரலால் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுருங்கியது.

“எத்தினி நாளாடா இப்பிடி?”

“பத்து நாளா.”

“ஏன் சொல்லல?”

“நீங்க ஒரு தபா தொட்டிருந்தா நான் சொல்லவே வேணாமே ஐயா.”

யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. நடவுக்காரிகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். முதலியார் திரும்பிப் பார்க்கவில்லை.

“இப்ப இன்னா செய்யணும்?” என்று மட்டும் கேட்டார்.

ஐசக் சொன்னான். பழைய ஆயிலை வடித்தார்கள், பேரிங் மாற்றினார்கள், பாட்டில்கள் குப்பைமேட்டுக்குப் போயின. காலையில் கால் மணி நேரம் பெட்ரோல் கிடைத்தது. வண்டி பிழைத்தது. ஆனால் தை பிறந்ததும், “இனிமே எங்க மச்சான் புள்ள ஓட்டிக்குவான்” என்று முதலியார் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

சீட் போனதை ஐசக் தாங்கிக்கொண்டான். வாயை மூடிக்கொண்டிருந்த அந்தப் பத்து நாள்தான் அவனைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் அலைந்து உத்திரமேரூரில் ஓர் அரிசி மில்லில் வேலை கேட்கப் போனான். ஓடிக்கொண்டிருந்த என்ஜினைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு மில்காரரிடம் சொன்னான்:

“இது ரொம்ப நாள் தாங்காதுங்க.”

“வேலைக்கே சேரல, அதுக்குள்ளயே குத்தமா?”

“ஆமாங்க. பத்து நாள் மனசுலயே வச்சிருந்து சொல்லிப் பாத்துட்டேன். அது சரிப்படல.”